இஞ்சின் ஓட்டிய பிரதம மந்திரி

ரயில்வே காலனியில் வாழும் நமக்கு இஞ்சின் டிரைவர் என்பவர் புதியவர் அல்லர். அடுத்த வீட்டுக்காரராகவோ, உறவினராகவோ, சங்கக் கூட்டத்தில் உடன் அமரும் அன்பராகவோ அவரை நாள்தோறும் காண்கிறோம். ஊர் உறங்கும் வேளையில் அவர் டூட்டிக்குப் புறப்படுவதும், ஊர் விழித்தெழும் வேளையில் கண் சிவக்க வீடு திரும்புவதும் நமக்குப் பழகிய காட்சிகள். ஆயினும், அவ்வாறு இஞ்சின் ஓட்டிய கை ஒரு நாட்டை நடத்தும் கையாகவும் மாறக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படி மாறிய கை ஒன்று உண்டு. 1945 முதல் 1949 வரை ஆஸ்திரேலிய நாட்டின் பிரதம மந்திரியாக விளங்கிய பென் சிஃப்லி என்பவரின் கையே அது.

பிரதமர்களின் வரலாறுகள் பலவற்றை நம் பிள்ளைகள் பாடப் புத்தகங்களில் படிக்கின்றனர். சிஃப்லி பிரதமராவதற்கு முன் ரயில்வேயில் உழைத்த இருபத்தைந்து ஆண்டுகளின் வரலாறோ நம்மைப் போன்றோர் அறிய வேண்டியது. ஆகவே அதனையே இவ்வாண்டு மலரில் சற்று விரித்துரைக்க முற்படுகிறோம்.

பிறப்பும் இளமையும்

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் ராஜ்யத்தில், சிட்னி நகருக்கு மேற்கே நீல மலைகளைக் கடந்து சென்றால் பாதர்ஸ்ட் என்னும் ஊர் வரும். 1876ஆம் ஆண்டில் ரயில் பாதை அவ்வூரை எட்டியது. அங்கே, 1885ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22ஆம் நாள், கொல்லர் ஒருவரின் மூத்த மகனாக ஜோஸஃப் பெனடிக்ட் சிஃப்லி பிறந்தார். பென் என்பது அவரை ஊரார் அழைத்த பெயர். பெற்றோர் அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தினர். பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்த குடியினரின் வழித்தோன்றல் அவர் என்பதை, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம் குறித்துக்கொள்வது தகும்.

ஐந்து வயதில் அவர் பெற்றோரைப் பிரிந்து, லைம்கில்ன்ஸ் என்னும் சிற்றூரில் சிறு பண்ணை வைத்திருந்த பாட்டனாரிடம் வளரச் சென்றார். ஒன்பது ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. மண்ணும் மிலாறும் கொண்டு எழுப்பிய குடிசை. வைக்கோல் துணுக்குகளைச் சாக்கில் அடைத்துச் செய்த படுக்கை. மாடு கறத்தல், கிழங்கு தோண்டுதல் போன்ற பண்ணை வேலைகள். பள்ளிக்கூடமும் வாரத்தில் சில நாட்களே நடந்தது. ஆயினும் பாட்டனாரின் பேச்சும் அவ்வீட்டில் இருந்த புத்தகங்களும் பையனின் அறிவைத் தூண்டின.

1893ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெரும் பொருளாதார நெருக்கடி மூண்டது. வங்கிகள் பல கதவைச் சாத்தின. பாட்டனார் வாழ்நாளெல்லாம் சேர்த்த பணமும் அதில் மூழ்கியது. சிறு வயதுப் பையன் அதைக் கண்ணாரக் கண்டான். தனியார் வங்கிகளின்பால் அவனுள்ளத்தில் அன்று விழுந்த ஐயம் இறுதிவரை நீங்கவில்லை. அது பின்னாளில் ஒரு நாட்டின் அரசியலையே கலக்கியதைப் பின்னர்க் காண்போம்.

1899ஆம் ஆண்டு பாட்டனார் இறந்தார். பதின்மூன்று வயதுப் பையன் பாதர்ஸ்டுக்குத் திரும்பி, பாட்ரிசியன் சகோதரர்கள் என்னும் துறவியர் நடத்திய பள்ளியில் இரண்டாண்டுகள் படித்தான். முறையாகப் பெற்ற கல்வி அவ்வளவே. அதன்பின் கடையொன்றில் எடுபிடி வேலை. தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் சில காலம். 1903ஆம் ஆண்டு செப்டம்பரில், பதினெட்டாம் வயதில், பாதர்ஸ்ட் இஞ்சின் ஷெட்டில் பட்டறைப் பையனாகச் சேர்ந்தார்.

இஞ்சின் ஷெட்டில்

நீராவி இஞ்சின்கள் நம் நாட்டில் ஓய்ந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஷெட்டில் வேலை செய்த முதியவர்களைக் கேட்டால்தான் அவ்வாழ்க்கையின் அருமை தெரியும். கீழ்ப்படியில் இருப்பவன் இஞ்சின் துடைப்பவன். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்த சக்கரங்களையும் தண்டுகளையும் கழிவு நூலால் துடைப்பது அவன் பணி. அடுத்த படி ஃபயர்மேன். ஓடும் வண்டியில் நின்றபடியே கரியை வாரி அடுப்பில் இடவேண்டும். நெருப்பு ஒரே சீராகப் பரவவேண்டும். பாய்லரில் நீர்மட்டம் குறையாமல் கண்ணாடிக் குழாயை நோக்கியவாறே இருக்கவேண்டும். ஏற்றம் வருமுன் நீராவியைச் சேர்த்து வைக்காத ஃபயர்மேன், மலையின் நடுவே வண்டி நின்று தவிப்பதைக் காண நேரும். இவற்றையெல்லாம் கற்றுத் தேர்ந்தவனே டிரைவர் ஆவான்.

சிஃப்லி இப்படிகள் ஒவ்வொன்றிலும் நின்று உழைத்து ஏறினார். 1914ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் வகுப்பு டிரைவராக உயர்வு பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. அவ்விளவயதில் அப்பதவியை எட்டியவர் அந்த ராஜ்யத்தில் மிகச் சிலரே. மேற்கு மலைப்பாதையில் வண்டியோட்டுவதில் வல்லவர் என்ற பெயரும் அவருக்கு வாய்த்தது.

அவ்வுயர்வு கைத்திறத்தால் மட்டும் வந்ததன்று. ஷெட்டில் சேர்ந்த நாளிலிருந்து அவர் இரவுப் பள்ளியை விடவில்லை. வாரத்தில் நான்கு இரவுகள் வரை, ஆண்டுக்கணக்காக, அவர் பயின்றார். இஞ்சினின் அமைப்பையும் நீராவியின் இயல்பையும் கற்றார். பொருளாதாரமும் வரலாறும் படித்தார். கிப்பன் எழுதிய ரோமாபுரி வரலாறு, ப்ளூட்டார்க், ப்ளேட்டோ ஆகியோரின் நூல்கள் ஆகியவற்றைக் கரி படிந்த அக்கைகள் புரட்டின. பின்னர் பாதர்ஸ்ட் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் தம் தொழில் தோழர்களுக்கு இஞ்சின் நுட்பங்களைப் போதிக்கும் ஆசிரியராகவும் ஆனார். டூட்டி நேரம் நாளுக்கு நாள் மாறும் வாழ்க்கையில் வாரம் நான்கு இரவு படிப்பது எத்தகைய வைராக்கியம் என்பதை நம் காலனியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, மேலே படிக்க நேரமில்லை என்று இருபதாண்டுகளாகச் சொல்லி வரும் நமக்கு, இப்பகுதியைப் படித்தபோது வெட்கமே உண்டாயிற்று.

இல்லறம்

டிரைவரான அதே 1914ஆம் ஆண்டு ஜூன் மாதம் சிஃப்லிக்குத் திருமணம் நடந்தது. மணமகள் எலிசபெத் மெக்கன்ஸி. அவருடைய தந்தையும் இஞ்சின் டிரைவரே. ஆனால் அக்குடும்பம் பிரெஸ்பிட்டீரியன் பிரிவைச் சார்ந்தது. கத்தோலிக்கருக்கும் மற்றக் கிறிஸ்தவப் பிரிவினருக்கும் கொள்வினை கொடுப்பினை எளிதில் கைகூடாத காலம் அது. மணமக்கள் சிட்னியில் பிரெஸ்பிட்டீரியன் ஆலயத்தில் மணம் புரிந்துகொண்டனர். சிஃப்லியின் சபை அம்மணத்தை ஒப்பவில்லை. அவர் தம் சமயத்தையும் விடவில்லை, மனைவியையும் மதம் மாறச் சொல்லவில்லை. பின்னும் ஆலயத்துக்குச் சென்று கடைசி வரிசையில் அமர்ந்து வழிபட்டு வந்தார்.

பாதர்ஸ்டில் பஸ்பி தெருவில் மாமனார் வழியாக வந்த சிறு வீடு ஒன்றில் குடியேறினர். மக்கட்பேறு வாய்க்கவில்லை. பிரதமரான பின்னரும் அதுவே அவர்களுடைய வீடு.

பறிபோன மூப்பு

இனிக் கூறப்போவதே சிஃப்லியின் வாழ்வில் திருப்பமாக அமைந்த நிகழ்ச்சி. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டு, சிட்னியின் ரயில், டிராம் பட்டறைகளில் நிர்வாகம் புதிய அட்டை முறையைப் புகுத்தியது. தொழிலாளி ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலைக்கும் எடுத்துக்கொள்ளும் நேரம் அட்டையில் பதியப்படும். இது தங்களைச் சக்கையாகப் பிழிவதற்கு வழி என்று தொழிலாளர் அஞ்சினர். ஆகஸ்டு 2ஆம் நாள் வேலை நிறுத்தம் தொடங்கியது. ரயில்வேயினின்று துறைமுகத்துக்கும் சுரங்கத்துக்கும் பரவி, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அதில் கலந்துகொண்டனர். பாதர்ஸ்டின் இஞ்சின் தொழிலாளரும் இறங்கினர். சிஃப்லி நிதானம் உள்ளவர். ஆயினும் தோழர்களை விட்டு விலகி நிற்க மனமில்லாமல் அவர்களோடு நின்றார்.

அரசாங்கம் வெளியிலிருந்து தொண்டர்களைத் திரட்டி வண்டிகளை ஓட்டியது. சில வாரங்களில் வேலை நிறுத்தம் முறிந்தது. சிஃப்லி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டபோது டிரைவர் பதவி இல்லை. தாழ்ந்த நிலையில், மூப்பு இழந்தவராகச் சேர்க்கப்பட்டார். பதினான்கு ஆண்டு உழைப்பு ஒரு கையெழுத்தில் அழிந்தது. தம்மிடம் தொழில் கற்றவர்களுக்கும் கீழே அவர் நிற்க நேர்ந்தது.

நாம் அலுவலகத்தில் மூப்புப் பட்டியல் எழுதும் குமாஸ்தா. வெளியார்க்கு அது வெறும் பெயர் வரிசை. அதில் ஒரு பெயர் பத்து வரி கீழே இறங்கினால், அவ்வீட்டில் பதவி உயர்வு தள்ளிப்போகிறது. நல்ல குவார்ட்டர்ஸ் கைநழுவுகிறது. மகள் திருமணமும் மகன் படிப்பும் ஒத்திப்போடப்படுகின்றன. 1974ஆம் ஆண்டு மே மாதம் நம் நாட்டில் நடந்த ரயில்வே வேலை நிறுத்தத்தில் வேலையிழந்து துன்புற்ற குடும்பங்களின் கதையை நம் முதியோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். எனவே சிஃப்லியின் மனம் அன்று என்ன பாடு பட்டிருக்கும் என்பதை உணர நமக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அந்த அநீதியை அவர் மறக்கவில்லை என்பதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் அது அவரைக் கசப்பில் ஆழ்த்திவிடவில்லை. இஞ்சின் தொழிலாளருக்கு நாடு தழுவிய சங்கம் ஒன்று 1920ஆம் ஆண்டில் உருவானபோது அதற்காக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். நியாய மன்றங்களில் தொழிலாளர் சார்பில் சாட்சியாகவும் வாதாடுபவராகவும் தோன்றினார். இரவுப் பள்ளியில் கற்ற கல்வி அங்கே கைகொடுத்தது. உரத்த குரலுக்குப் பதில் கணக்கையும் விவரத்தையும் எடுத்து வைத்து வழக்காடுவது அவர் பாணி. 1917இல் தண்டிக்கப்பட்டோரின் மூப்பை, 1925ஆம் ஆண்டு பதவிக்கு வந்த லாங் என்பாரின் தொழிற்கட்சி அரசாங்கம் திருப்பி அளித்தது. அதற்குள் எட்டாண்டுகள் கடந்திருந்தன.

அரசியலில் ஏற்றமும் இறக்கமும்

ரயில்வே நிர்வாகத்தின் ஒரு கையெழுத்தால் பல்லாயிரம் குடும்பங்கள் அல்லற்படுமாயின், அக்கையெழுத்துக்கு மேலுள்ள சட்டத்தை இயற்றும் இடத்துக்கே போகவேண்டும் என்று அவர் முடிவு செய்தார். 1925ஆம் ஆண்டு மக்வாரி தொகுதியில் நின்று தோற்றார். 1928ஆம் ஆண்டு அதே தொகுதியில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். இருபத்தைந்து ஆண்டு ரயில்வே வாழ்வு அத்துடன் முடிந்தது.

1931ஆம் ஆண்டு ஸ்கல்லின் மந்திரி சபையில் பாதுகாப்பு மந்திரியானார். உலகமெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்த காலம். செலவையும் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் குறைக்கும் திட்டத்தை அரசாங்கம் கொண்டுவந்தது. வேறு வழியில்லை என்று கருதி சிஃப்லி அதை ஆதரித்தார். அதன் பயனாக, தாம் வளர்த்த சங்கமே அவரை நீக்கியது. அவ்வாண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் தொகுதியையும் இழந்தார். முன்னர் நிர்வாகம் அவரைத் தண்டித்தது. இப்போது தோழர்களே தண்டித்தனர்.

அடுத்த ஒன்பதாண்டுகள் பாராளுமன்றத்துக்கு வெளியே கழிந்தன. சோர்ந்து அமர்ந்துவிடாமல், ஊர்ப்புற மன்றத்தின் உறுப்பினராகப் பாலம், சாலை முதலிய பணிகளைக் கவனித்தார். வங்கி முறையை ஆராய 1935ஆம் ஆண்டு அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தபோது அவரும் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். கற்றறிந்தோரும் வங்கி வல்லுநரும் நிறைந்த அச்சபையில் பழைய இஞ்சின் டிரைவர் இருந்து இரண்டாண்டு விசாரித்தார். 1937ஆம் ஆண்டு அறிக்கை வெளியானபோது, தனியார் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கவேண்டும் என்று தனிக் கருத்து எழுதினார். பாட்டனாரின் சேமிப்பு மூழ்கியதை அவர் மறந்திருக்கவில்லை.

பிரதம மந்திரி

1940ஆம் ஆண்டு மக்வாரி தொகுதி அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது. 1941ஆம் ஆண்டு ஜான் கர்ட்டின் பிரதமரானதும் சிஃப்லி நிதி மந்திரி ஆனார். போரின் பெருஞ்செலவை நான்காண்டு அவர் நிர்வகித்தார். 1945ஆம் ஆண்டு ஜூலையில் கர்ட்டின் இறக்க, அம்மாதம் 13ஆம் நாள் சிஃப்லி பிரதமரானார். நிதிப் பொறுப்பையும் தாமே வைத்துக்கொண்டார்.

அவர் ஆட்சியில் போர்வீரர்கள் வேலை பெற்று மறுவாழ்வில் நிலைத்தனர். ஐரோப்பாவிலிருந்து பெருந்தொகையினர் வந்து குடியேறினர். 1946ஆம் ஆண்டு தேசியப் பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1948ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலேயே பெருமளவில் உற்பத்தியாகும் ஹோல்டன் கார் வெளிவந்தது. 1949ஆம் ஆண்டு பனிமலை ஆறுகளைத் திருப்பி மின்சாரமும் பாசனமும் தரும் பெருந்திட்டம் தொடங்கியது. இந்தியா குடியரசான பின்னும் காமன்வெல்த்தில் தொடரலாம் என்று முடிவு செய்த 1949 ஏப்ரல் லண்டன் மாநாட்டில் நேருவுடன் அமர்ந்த தலைவர்களுள் அவரும் ஒருவர்.

பிரதமருக்கு உரிய மாளிகையில் அவர் குடியேறவில்லை. கான்பெராவில் குர்ராஜோங் என்னும் எளிய ஓட்டலின் அறையொன்றில் தங்கினார். துணைவியார் பாதர்ஸ்டு வீட்டிலேயே வாழ்ந்தார். வாயில் பைப்பும், கரகரத்த குரலும், எளிய உடையுமாக விளங்கிய அவரைக் கண்ட எவரும் அதிகாரத்தின் முன் நிற்பதாக அஞ்சவில்லை.

குறைகளையும் மறைக்காமல் உரைப்பதே வரலாற்றுக்கு அழகு. வெள்ளையரல்லாதார் குடியேறுவதைத் தடுத்த கொள்கையை அவர் அரசாங்கமும் விடாப்பிடியாகக் கடைப்பிடித்தது. நம்மைப் போன்றோருக்கு அந்நாட்டின் கதவு அன்று மூடியே இருந்தது. தொழிலாளர்களை அன்புடன் நோக்கிய கண்கள் அவ்விஷயத்தில் நிறத்துக்கு அப்பால் காணவில்லை.

மற்றொன்று நம் நெஞ்சை இன்னும் உறுத்துவது. 1949ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். கடுங்குளிர் காலம், மின்சாரம் குன்றியது, ஆலைகள் நின்றன, பல லட்சம் பேர் வேலையிழந்தனர். பொதுவுடைமைக் கட்சியினர் தூண்டிய போராட்டம் அது என்று சிஃப்லி கருதினார். சங்கங்களின் பணத்தை முடக்கச் சட்டம் செய்தார். தலைவர்கள் சிறை சென்றனர். ஆகஸ்டு முதல் நாள் ராணுவத்தினர் சுரங்கத்தில் இறங்கிக் கரி வெட்டினர். 1917இல் வெளியாட்களைக் கொண்டு வண்டியோட்டி வேலை நிறுத்தத்தை முறித்த அரசாங்கத்தால் தண்டிக்கப்பட்டவர், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் படையைக் கொண்டு ஒரு வேலை நிறுத்தத்தை முறித்தார். நாட்டு மக்கள் குளிரில் வாடுவதைப் பொறுக்க இயலவில்லை என்பது அவர் தரப்பு நியாயம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் மூப்புப் பறிக்கப்பட்டவரின் வேதனையை அறிந்த ஒருவர் அதைச் செய்ய நேர்ந்ததே, அதிகாரம் எவ்வளவு கடினமான ஆசனம் என்பதற்குச் சான்றாகும்.

முடிவு

1947ஆம் ஆண்டு வங்கிகளை நாட்டுடைமை ஆக்க அவர் கொண்டுவந்த சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென ஒதுக்கியது. அதனால் மூண்ட பகையும், கரி வேலை நிறுத்தமும், பெட்ரோல் பங்கீடும் சேர்ந்து 1949 டிசம்பர்த் தேர்தலில் அவர் கட்சியை வீழ்த்தின. மென்ஸிஸ் பிரதமரானார்; சிஃப்லி எதிர்க்கட்சித் தலைவரானார்.

1951ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் இரவு, பாராளுமன்றம் தோன்றிய பொன்விழாவையொட்டிக் கான்பெராவில் பெரும் நடன விருந்து நடந்தது. சிஃப்லி அதற்குச் செல்லாமல் தம் ஓட்டல் அறையில் இருந்தார். அங்கே மாரடைப்பு கண்டு, அன்றிரவே உயிர் நீத்தார். வயது அறுபத்தைந்து. அரசியலில் எதிரியாயினும் அவர்பால் மதிப்புக் கொண்ட மென்ஸிஸ், செய்தியைத் தழுதழுத்த குரலில் அறிவித்து விருந்தை நிறுத்தினார். உடல் பாதர்ஸ்டிலேயே அடக்கம் செய்யப்பட்டது. பஸ்பி தெருவின் அச்சிறு வீடு பின்னர் நினைவில்லமாகப் பேணப்பட்டது.

அவருடைய பதவியை நிர்வாகம் ஒருமுறை பறித்தது. சங்கம் ஒருமுறை நீக்கியது. வாக்காளர் இருமுறை இறக்கினர். இரவுப் பள்ளியில் அவர் தேடிய கல்வியை மட்டும் ஒருவராலும் பறிக்க இயலவில்லை. ஒவ்வொரு முறையும் அதனை ஊன்றுகோலாகக் கொண்டே அவர் எழுந்தார்.

நம் காலனிப் பிள்ளைகள், குறிப்பாகத் தந்தை இரவு டூட்டிக்குப் போனபின் விளக்கடியில் அமர்ந்து படிக்கும் பிள்ளைகள், இவ்வரலாற்றைப் படிக்கவேண்டும் என்பது நம் விருப்பம். படித்துவிட்டு, தந்தைமார்க்கும் எடுத்துச் சொல்வார்களாக. நாற்பதைக் கடந்த நாமும் சங்க நூலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டுவிட்டோம் என்பதை அன்பர்களுக்கு மகிழ்வுடன் அறிவித்துக்கொள்கிறோம்.